முள்ளை வைத்தால் பாட்டு வரணும்: முதல் டர்ன்டேபிளின் கோளாறுகளும் கைவைத்தியமும்

என் சித்தப்பா திங்கள்சந்தைப் பக்கம் மைக் செட் வைத்திருந்தவர். கோயில் கொடை, சர்ச் திருவிழா, கல்யாண வீடு எதுவானாலும் தென்னையில் குழாய் கட்டி ரெக்கார்டு போடுவார். கேசட் வந்ததும் ரெக்கார்டுப் பெட்டிகள் மச்சில் ஏறின. பல வருஷம் கழித்து அவற்றை இறக்கித் தூசி தட்டியவன் நான். அன்றிலிருந்து சொந்தத்திலோ அக்கம்பக்கத்திலோ யார் டர்ன்டேபிள், அதாவது ரெக்கார்டு பிளேயர், வாங்கினாலும் எனக்குத்தான் போன் வரும். "அண்ணே, புது மிஷினு. முள்ளை வச்சா பாட்டு வரல்ல. திருப்பி அனுப்பிரட்டா?"

அனுப்ப வேண்டாம். இப்படி வரும் போன்களில் பெரும்பாலும் மிஷின்மேல் குற்றம் இருப்பதில்லை. ஒரு ஸ்விட்ச் இடம் மாறியிருக்கும், பெல்ட் மாட்டியிருக்காது, மேசை ஒரு பக்கம் சாய்ந்திருக்கும். உங்கள் பிளேயருக்கு என்ன நோவு என்று கீழே தேடிப் பாருங்கள். ஒவ்வொன்றிலும் காசு செலவில்லாத சோதனையை முதலில் வைத்திருக்கிறேன். ஸ்க்ரூ டிரைவரை எடுப்பது கடைசி வேலை.

இன்னும் வாங்கவே இல்லை, எதை வாங்குவது என்று குழப்பம்

இதையும் ஒரு கோளாறாகவே எடுத்துக்கொள்கிறேன். பின்னால் வரும் தொந்தரவில் பாதி இங்கேதான் தொடங்குகிறது. நான் கேட்கும் முதல் கேள்வி: இதற்கு முள் தனியாகக் கிடைக்குமா? முள் தேயும் பொருள். வைர முள்ளே சில நூறு மணி நேரம் ஓடியபின் மாற்ற வேண்டியதுதான். என்ன முள் என்று பெயர்கூடப் போடாத மிஷினை வாங்கினால், முள் தேய்ந்த அன்றைக்கு மிஷினும் சேர்ந்து மச்சில் ஏறும்.

விலை குறைவாகக் கிடைப்பது சூட்கேஸ் மாதிரி மூடித் திறக்கும் பிளேயர். அதில் பெரும்பாலும் செராமிக் கார்ட்ரிட்ஜ் (முள்ளைத் தாங்கி, அதன் அதிர்வை மின்சிக்னலாக்கும் சின்னப் பெட்டி). 5, 6 கிராம் எடையில் முள் ரெக்கார்டை அழுத்தும், குறைக்கத் திருகு எதுவும் இருக்காது. ஸ்பீக்கரும் அதே பெட்டிக்குள் அதிர்வதால் சத்தத்தைக் கூட்டினால் முள் தாவும். ஆசைக்கு ஒன்று இருக்கட்டும் என்றால் சரி, வாங்குங்கள். சித்தப்பாவின் பெட்டியிலிருந்து எடுத்த ரெக்கார்டை நான் அதில் போட மாட்டேன்.

அடுத்த படி, ஆடியோ டெக்னிகா எல்.பி.60எக்ஸ் மாதிரியான பெல்ட் மிஷின். பட்டனை அழுத்தினால் முள் மாட்டிய கை தானே போய் இறங்கும், பாட்டு முடிந்ததும் தானே திரும்பி வரும். முள்ளின் எடையைக் கம்பெனியிலேயே அமைத்துவிடுகிறார்கள். சிக்னலைக் கூட்டித் தரும் ப்ரீஆம்ப் உள்ளேயே இருக்கிறது. அதற்கான 3600எல் முள்ளை ஆன்லைனில் சுலபமாக வாங்கலாம். குறை என்றால், 78 வேகம் (நிமிடத்துக்கு 78 சுற்று) கிடையாது, கார்ட்ரிட்ஜை மாற்றவும் முடியாது. இன்னும் கொஞ்சம் காசு புரளும் என்றால் கையின் பின்பக்கம் திருகி நகர்த்தும் எடைக்கட்டி உள்ள, கார்ட்ரிட்ஜ் கழற்றி மாட்டக்கூடிய மிஷினுக்குப் போங்கள். முதல் தடவை அமைக்க ஒரு மணி நேரம் பிடிக்கும், ஆனால் பல வருஷம் கூட வரும்.

பழையது வாங்கலாமா? வீட்டு மச்சில் கிடந்த எச்.எம்.வி. ஃபியஸ்டாவைத் தூக்கிக்கொண்டு வருபவர்கள் உண்டு. பார்க்க அழகுதான். அந்தக் காலத்துப் பிளேயர்களில் பலவற்றில் இருந்தது கிரிஸ்டல் கார்ட்ரிட்ஜ், உள்ளே ரோஷெல் உப்பு. அந்த உப்புக்கு ஈரம் ஆகாது. ஜூனிலும் மழை, ஐப்பசியிலும் மழை, நடுவில் கடல்காற்று என்று இருக்கும் நம் கன்னியாகுமரி மாவட்டத்தில் அது உயிரோடு இருந்தால் அதிசயம். வாங்கும் முன் அங்கேயே ஒரு ரெக்கார்டைப் போட்டுக் காட்டச் சொல்லுங்கள். "முள்ளு மட்டும் மாத்தினா போதும்" என்று யாராவது சொன்னால் அந்த முள்ளை அவரையே வாங்கித் தரச் சொல்லுங்கள்.

கையில் 25,000 ரூபாய் இருந்தால் முழுவதையும் மிஷினில் கொட்டாதீர்கள். ஆம்ப் உள்ளே வைத்த ஒரு ஜோடி ஸ்பீக்கருக்கு மூன்றில் ஒரு பங்காவது ஒதுக்குங்கள். ஒரு நல்ல பிரஷ்ஷுக்கும், முள் எடை பார்க்கும் குட்டித் தராசுக்கும் கொஞ்சம் மிச்சம் வையுங்கள்.

தட்டு சுற்றவில்லை

காதை அருகில் வைத்துப் பாருங்கள். மோட்டார் லேசாக ஓடும் சத்தம் கேட்டு, தட்டு மட்டும் அசையாமல் இருந்தால் பெல்ட் மாட்டவில்லை என்று அர்த்தம். பல மிஷின்களில் பெல்ட்டைத் தட்டின் அடியிலுள்ள வளையத்தில் சுற்றி, ஒரு ரிப்பனும் கோத்து அனுப்புகிறார்கள். தட்டை அச்சில் உட்காரவைத்து, மேலே இருக்கும் ஓட்டை வழியாக மோட்டாரின் பித்தளைத் தலை தெரியும்வரை திருப்புங்கள். ரிப்பனைப் பிடித்து பெல்ட்டை இழுத்து அந்தத் தலையில் மாட்டிவிட்டு, ரிப்பனை உருவிவிடுங்கள். பெல்ட் முறுக்கிக்கொள்ளாமல் தட்டையாக நிற்க, கையாலேயே பத்துச் சுற்று சுற்றிவிடுவது நல்லது.

பழைய மிஷினில் பெல்ட் தார் மாதிரி உருகி ஒட்டிக்கொண்டிருக்கும். ஐசோபுரொப்பைல் ஆல்கஹாலில் பஞ்சை நனைத்துத் துடைத்தெடுங்கள், மொபைல் ரிப்பேர் கடைக்காரரைக் கேட்டால் கிடைக்கும். தட்டின் உள்விட்டத்தையும் பெல்ட் ஓடும் பாதையையும் அளந்து, அதே அளவு தட்டைப் பெல்ட் வரவழையுங்கள். குலசேகரத்தில் இத்தனை ரப்பர் பால் வெட்டுகிறார்களே, இங்கே ஒரு பெல்ட் கிடைக்காதா என்று நானும் அலைந்திருக்கிறேன். தையல் மிஷின் பெல்ட்டையும் ரப்பர் பேண்டையும் மாட்டிப் பார்த்தாயிற்று. பாட்டு ஊஞ்சல் ஆடும்.

சுற்றுகிறது, ஆனால் ஒரு அனக்கமும் இல்லை

முள்ளின் மேல் பிளாஸ்டிக் மூடி இருக்கிறதா பாருங்கள். சிரிக்காதீர்கள். நானே ஒரு தடவை மூடியோடு ரெக்கார்டில் இறக்கியிருக்கிறேன். அடுத்து ஸ்பீக்கரில் சரியான இன்புட் தேர்ந்திருக்கிறதா என்று பாருங்கள். ப்ளூடூத்தில் நின்றால் ஒயரில் வருவது கேட்காது. கையை இறக்கும் நெம்புகோல் மேலேயே நின்றாலும் முள் ரெக்கார்டைத் தொடாமல் ஒரு மில்லிமீட்டர் உயரத்தில் மிதக்கும். குனிந்து பக்கவாட்டில் பார்த்தால்தான் தெரியும்.

பாட்டு வருகிறது, கொசு பாடுவதுபோல

இது ஸ்விட்ச் கோளாறு. காந்தக் கார்ட்ரிட்ஜிலிருந்து வரும் சிக்னல் வெறும் 3 முதல் 5 மில்லிவோல்ட். டிவியோ மொபைலோ தருவது அதைப்போல நூறு மடங்குக்கு மேல். அது மட்டுமல்ல, ரெக்கார்டு வெட்டும்போதே தாழ்ந்த ஸ்தாயி (பேஸ்) சத்தத்தைக் குறைத்து, உச்ச ஸ்தாயி சத்தத்தைக் கூட்டித்தான் வெட்டுகிறார்கள். பேஸை அப்படியே வெட்டினால் பள்ளம் அகன்று ரெக்கார்டில் இடம் போதாது. 20 ஹெர்ட்ஸ் பக்கம் ஏறக்குறைய 20 டெசிபல் குறைவு, 20,000 ஹெர்ட்ஸ் பக்கம் ஏறக்குறைய 20 டெசிபல் கூடுதல். ஆர்.ஐ.ஏ.ஏ. என்ற இந்தக் கணக்கு 1954இல் வந்தது, பிறகு எல்லோரும் அதையே பின்பற்றினார்கள். அதைத் திருப்பிப் போட்டு, சத்தத்தையும் கூட்டித் தருவதுதான் ஃபோனோ ப்ரீஆம்பின் வேலை. அது நடுவில் இல்லையென்றால் பேஸ் இல்லாமல், கீச்சுக் குரலில், தூரத்தில் கேட்கும்.

மிஷினின் பின்பக்கம் ஃபோனோ, லைன் என்று சின்ன ஸ்விட்ச் இருக்கும். ஆம்ப்பில் ஃபோனோ இன்புட் இல்லையென்றால் லைனில் வையுங்கள். தலைகீழான கோளாறும் உண்டு. லைனில் வைத்துவிட்டு ஆம்ப்பின் ஃபோனோ இன்புட்டில் சொருகினால் இரண்டு ப்ரீஆம்ப் வரிசையாகச் சேர்ந்து, பாட்டு கிழிந்து அலறும்.

பழைய மைக் செட் ஆம்ப் வைத்திருப்பவர்களுக்கு ஒரு வார்த்தை. அதில் 'கிராம்' என்று எழுதிய இன்புட் இருக்கும். ரெக்கார்டுக்குத்தானே என்று நானும் அதில் சொருகி ஏமாந்தேன். அது கிரிஸ்டல் பிக்கப்புக்கு வைத்தது. கிரிஸ்டல் தானாகவே நூற்றுக்கணக்கான மில்லிவோல்ட் தரும். இன்றைய காந்தக் கார்ட்ரிட்ஜை அங்கே மாட்டினால் மறுபடியும் கொசுதான். மிஷினை லைனில் வைத்துச் சொருகுங்கள், வேலை செய்யும்.

உம்ம்ம் என்று உறுமுகிறது

கையை ஸ்டாண்டில் வைத்துவிட்டு, பாட்டு இல்லாமல் வால்யூமை மட்டும் கூட்டுங்கள். உறுமல் கேட்கிறதா? மிஷினின் ஒயரை ஸ்பீக்கரிலிருந்து உருவுங்கள். அப்போதும் உறுமினால் நோவு ஸ்பீக்கரில், டர்ன்டேபிளை விட்டுவிடுங்கள். நின்றுவிட்டால் தொடர்ந்து படியுங்கள்.

கையின் உலோகப் பகுதியை விரலால் தொடுங்கள். தொட்டதும் உறுமல் கூடவோ குறையவோ செய்தால் எர்த் கம்பி சரியில்லை. சிவப்பு, வெள்ளை ஒயரோடு மெல்லிசாக ஒரு மூன்றாவது கம்பி தொங்கும். அதை ஆம்ப்பின் பின்னால் ஜி.என்.டி. என்று எழுதிய திருகில் இறுக்க வேண்டும். ப்ரீஆம்ப் தனியாக இருந்தால் அதன் திருகில். முட்டம், குளச்சல் பக்கம் வீடு என்றால் அந்தத் திருகிலும் பிளக்கிலும் பச்சைக் களிம்பு ஏறியிருக்கும். கம்பி இருக்கும், தொடர்பு இருக்காது. உப்புத்தாளால் தேய்த்துச் சுத்தமாக்கி, புதிதாகக் கம்பியைச் சீவி மாட்டுங்கள். ப்ரீஆம்ப் உள்ளே வைத்த சில மிஷின்களில் இந்த மூன்றாவது கம்பியே இருக்காது. காணோமே என்று தேட வேண்டாம்.

எர்த் சரி, இன்னும் உறுமுகிறது என்றால் பக்கத்தில் என்ன இருக்கிறது என்று பாருங்கள். கார்ட்ரிட்ஜ் காந்தமும் கம்பிச்சுருளும்தான், அருகில் டிரான்ஸ்ஃபார்மர் எது இருந்தாலும் அதன் 50 ஹெர்ட்ஸை உறிஞ்சும். ஆம்ப்பை மிஷினுக்கு அடியில் வைக்காதீர்கள். கை உள்ளே நகர நகர உறுமல் கூடுகிறதென்றால் அந்தப் பக்கம்தான் ஆள் இருக்கிறது, ஒரு முழம் தள்ளிவையுங்கள்.

உறுமலாக இல்லாமல் 'ஜ்ர்ர்ர்' என்று ரம்பம்போல் இழுத்தால் மின்விசிறி ரெகுலேட்டரைத் திருப்பிப் பாருங்கள். எலக்ட்ரானிக் ரெகுலேட்டர் இரண்டு, மூன்றில் நிற்கும்போது அதிகமாகவும் முழு வேகத்தில் குறைவாகவும் இருந்தால் குற்றவாளி அதுதான். கரண்ட் போய் இன்வெர்ட்டரில் ஓடும்போது மட்டும் இந்தச் சத்தம் வந்தால் அது சதுர அலை இன்வெர்ட்டர். அதில் ரெக்கார்டு போட வேண்டாம், மோட்டாருக்கும் நல்லதல்ல. கரண்ட் வரட்டும்.

மூன்று பின் பிளக்கில் எர்த் பின்னை ஒடித்துவிட்டால் உறுமல் நிற்கும் என்று சொல்லிக்கொடுப்பவர்கள் உண்டு. நிற்கவும் செய்யலாம். உலோகப் பெட்டி வைத்த ஆம்ப்பில் நாளைக்கு ஒரு கசிவு வந்தால் அந்தக் கரண்ட் போக வழியிருக்காது, தொடுகிறவர் வழியாகத்தான் போகும். செய்யாதீர்கள்.

முள் தாவுகிறது, அல்லது ஒரே வரியைத் திரும்பத் திரும்பப் பாடுகிறது

அதிகமாக வரும் போன் இதற்குத்தான். ஒரு கேள்வியில் பாதி தீர்ந்துவிடும்: எல்லா ரெக்கார்டிலும் தாவுகிறதா, ஒரே ரெக்கார்டில் ஒரே இடத்திலா? ஒரே இடம் என்றால் ரெக்கார்டில் கீறலோ, ஒட்டிக்கொண்ட அழுக்கோ. டார்ச் வெளிச்சத்தைச் சாய்த்து அடித்துப் பாருங்கள், பெரும்பாலும் அழுக்குதான். எல்லாவற்றிலும் என்றால் மிஷினை அமைத்த விதம் தப்பு.

முதலில் முள்ளைப் பாருங்கள். போன் கேமராவை ஜூம் செய்தால் போதும். பள்ளங்களில் கிடந்த பஞ்சுத்தூசி எல்லாம் சுருண்டு முள்ளின் நுனியில் ஒரு சாம்பல் உருண்டையாகத் தொங்கும். முள் அதன் மேல் ஏறி நின்று சறுக்குகிறது, பள்ளத்தைத் தொடவே இல்லை. மென்மையான பிரஷ்ஷால் பின்னாலிருந்து முன்னால் மட்டும் தடவி எடுங்கள். பக்கவாட்டில் தடவினால் முள்ளைத் தாங்கும் மெல்லிய கம்பி வளைந்துவிடும். விரலால் தொடவே வேண்டாம்.

அடுத்தது மட்டம். வீட்டு வேலைக்கு வரும் கொத்தனாரிடம் ரசமட்டம் இரவல் வாங்குங்கள். தட்டின் மேல் இடவலமாக ஒரு தடவை, முன்பின்னாக ஒரு தடவை. குமிழி நடுவில் வரும்வரை காலுக்கு அடியில் அட்டைத்துண்டு வைத்தால் போதும். நிலையான எடை உள்ள தானியங்கி மிஷின்களில் பெரும்பாலும் இத்தோடு தாவல் நின்றுவிடும்.

எடைக்கட்டி உள்ள மிஷின் என்றால் எடை வைக்க வேண்டும். இதைக் கொஞ்சம் பொறுமையாகச் செய்யுங்கள். பக்கவாட்டு இழுப்பைச் சரிசெய்யும் ஆன்டி ஸ்கேட் குமிழைப் பூஜ்யத்தில் வையுங்கள். முள்ளின் மூடியைக் கழற்றி, கையை ஸ்டாண்டிலிருந்து விடுவித்து, தட்டுக்கும் ஸ்டாண்டுக்கும் இடையில் கொண்டுவாருங்கள். நெம்புகோலை இறக்குங்கள். கார்ட்ரிட்ஜ் இருக்கும் கையின் தலை தொப்பென்று கீழே போகப் பார்க்கும், விரலால் தாங்கிக்கொள்ளுங்கள். பின்னாலுள்ள கட்டியை மெல்லத் திருகத் திருகத் தலை எழும்பும். நகைக்கடைத் தராசில் இரண்டு தட்டும் சமமாக நிற்கும்போது முள் எப்படி ஆடி ஆடி அடங்குமோ, அதேபோல் கை காற்றில் கிடையாக மிதந்து, ஆடி, நிற்க வேண்டும். நின்றதும் கையை ஸ்டாண்டில் பூட்டுங்கள். கட்டியை அசையாமல் பிடித்துக்கொண்டு அதன் முன்னாலுள்ள எண் வளையத்தை மட்டும் பூஜ்யத்துக்குத் திருப்புங்கள். இனி கட்டியையும் வளையத்தையும் சேர்த்துத் திருகி, உங்கள் கார்ட்ரிட்ஜுக்குச் சொன்ன எடைக்குக் கொண்டுவாருங்கள். உதாரணமாக ஆடியோ டெக்னிகா வி.எம்.95இ என்றால் 2 கிராம். 1.8 முதல் 2.2 வரை போகலாம். ஆன்டி ஸ்கேட் குமிழையும் அதே எண்ணில் வையுங்கள். குட்டித் தராசு இருந்தால் அதில் ஒரு தடவை இறக்கி உறுதி செய்யுங்கள், வளையத்தின் எண் சில மிஷின்களில் பொய் சொல்லும்.

எடை குறைவாக இருந்தால் ரெக்கார்டுக்கு நல்லது என்று ஒரு நினைப்பு இருக்கிறது. தப்பு. எடை போதாத முள் பள்ளத்தில் ஒட்டி ஓடாமல் சுவருக்குச் சுவர் துள்ளும். அந்தத் துள்ளல்தான் பள்ளத்தை அதிகம் சேதப்படுத்தும். அதேபோல் தலைமேல் காசு வைக்கும் பழைய வித்தை. சித்தப்பா தலைமேல் ஒரு நாலணாவைப் பிசின்நாடாவால் ஒட்டியே வைத்திருந்தார். கொடை வீட்டில் ஆட்டம் போடும் கூட்டத்துக்கு நடுவில் அவருக்கு அது வேண்டியிருந்தது. அந்த ரெக்கார்டுகள் இன்றைக்கு மண் கொட்டிய மாதிரி கேட்கின்றன.

நடந்தால் மட்டும் தாவுகிறதா? மரத்தளம் போட்ட பழைய வீட்டு மாடியிலோ, கால் ஆடும் டீப்பாயிலோ வைத்திருப்பீர்கள். சுவரில் அடித்த ஷெல்ஃபுக்கு மாற்றுங்கள். முடியாவிட்டால் மார்பிள் கடையில் ஒரு கடப்பாக்கல் துண்டு வெட்டி வாங்கி, அடியில் நான்கு மூலையிலும் கனமான ரப்பர் துண்டு வைத்து, அதன் மேல் மிஷினை வையுங்கள். ஸ்பீக்கர் அதே பலகையில் இருக்கவே கூடாது. சத்தம் கூட்டினால் மைக் கூவுவதுபோல் ஆழமாக ஊளையிடுவதும் இதனால்தான். ஸ்பீக்கரின் அதிர்வை முள் வாங்கி ஸ்பீக்கருக்கே திருப்பிக் கொடுக்கிறது. பலகையைப் பிரித்தால் நின்றுவிடும்.

பாட்டு இழுக்கிறது, பாடகியின் குரல் ஆண்குரலாகிறது

33, 45 ஸ்விட்சைப் பார்த்தாயிற்றா? 45 வேக இ.பி.யை (சின்ன ரெக்கார்டை) 33இல் போட்டால் குரல் தூங்கி வழியும். பெல்ட் தளர்ந்தாலும் வேகம் குறையும்.

இரண்டும் இல்லையென்றால் இந்தக் கதையைக் கேளுங்கள். மார்த்தாண்டத்தில் ஒரு நண்பரின் அண்ணன் சவூதியிலிருந்து ஊர் திரும்பும்போது நல்ல கனமான டர்ன்டேபிள் ஒன்றைக் கொண்டுவந்தார். அங்கே அருமையாகப் பாடியதாம். இங்கே எதைப் போட்டாலும் இழுவை. மோட்டாருக்கு எண்ணெய் விட்டார்கள், இரண்டு பெல்ட் மாற்றினார்கள், ஸ்டெப்டவுன் டிரான்ஸ்ஃபார்மரும் வாங்கினார்கள். ஒன்றும் நடக்கவில்லை. கடைசியில் பின்னாலிருந்த தகட்டைப் படித்தோம்: 60 ஹெர்ட்ஸ்.

சவூதியில் மின்சாரம் 60 ஹெர்ட்ஸ். நமக்கு 50. அந்த மிஷினில் இருந்தது நேரடியாக மெயின் கரண்டில் ஓடும் ஏ.சி. மோட்டார். அது ஹெர்ட்ஸ் எவ்வளவோ அவ்வளவுதான் சுற்றும். 33⅓இல் ஆறில் ஐந்து பங்கு என்றால் 27.8 சுற்று. டிரான்ஸ்ஃபார்மர் வோல்டேஜை மாற்றுமே தவிர ஹெர்ட்ஸைத் தொடாது. மோட்டார் தலையிலுள்ள புல்லியை 50 ஹெர்ட்ஸுக்கான கொஞ்சம் பெரிய புல்லியாக மாற்றியபிறகுதான் பாட்டு பாட்டாக வந்தது. துபாய், மஸ்கட், தோஹா எல்லாம் 50 ஹெர்ட்ஸ்தான், அங்கிருந்து வருவதில் இந்தத் தொல்லை இல்லை. அமெரிக்காவிலிருந்து வருவதில் ஹெர்ட்ஸோடு வோல்டேஜும் மாறும், 120 வோல்ட் மிஷினை இங்கே நேரே சொருகினால் புகைதான் மிச்சம். அடாப்டரில் ஓடும் டி.சி. மோட்டார் மிஷினாக இருந்தால் அடாப்டர் நம் வோல்டேஜுக்கு ஏற்றதா என்று பார்த்தால் போதும்.

வேகத்தை அளக்க, போனில் சுற்று எண்ணும் ஆப் ஒன்றைப் போட்டு, ஓடும் தட்டின் மேல் நடுவாக வையுங்கள். பழைய வழி, 180 கோடு போட்ட காகித வட்டம். 50 ஹெர்ட்ஸ் விளக்கு நொடிக்கு 100 தடவை மினுங்குவதால், சரியாக 33⅓ ஓடினால் கோடுகள் நின்ற இடத்தில் நிற்கும். சோக் போட்ட பழைய டியூப்லைட் வெளிச்சம் வேண்டும். பல எல்.ஈ.டி. பல்புகள் அப்படி மினுங்குவதில்லை, அதில் பார்த்துவிட்டு மிஷினைத் திட்டாதீர்கள்.

வேகம் சரி, ஆனால் சுற்றுக்கு ஒரு தடவை ராகம் அலைகிறது என்றால் ரெக்கார்டின் ஓட்டை நடுவில் இல்லை, அல்லது ரெக்கார்டு வளைந்திருக்கிறது. காருக்குள் வெயிலில் விட்ட ரெக்கார்டு அப்பளம் மாதிரி ஆகிவிடும்.

கரகர, படபட

காற்றில் ஈரம் இருப்பதால் நம் ஊரில் நிலைமின்சாரப் படபடப்பு அவ்வளவாக இல்லை. அதே ஈரம் பூஞ்சையைக் கொடுக்கிறது. சித்தப்பாவின் ரெக்கார்டுகளில் வெள்ளை வெள்ளையாகப் புள்ளி பூத்திருந்தது, காய்ந்த துணியால் துடைத்தால் போகாது, பள்ளத்துக்குள் அப்பிக்கொள்ளும்.

பேட்டரி கடையில் டிஸ்டில்டு வாட்டர் வாங்குங்கள். கிணற்றுத் தண்ணீரும் குழாய்த் தண்ணீரும் காய்ந்தால் உப்புப் படியும், அதுவும் கரகரக்கும். ஒரு லிட்டருக்கு இரண்டு சொட்டு பாத்திரம் கழுவும் திரவம். நடுவிலுள்ள லேபிள் நனையாமல் பார்த்துக்கொண்டு, மெல்லிய பிரஷ்ஷால் பள்ளத்தின் போக்கிலேயே வட்டமாகத் தேய்த்து, சுத்தமான டிஸ்டில்டு வாட்டரில் இரண்டு தடவை அலசுங்கள். தட்டு அடுக்கும் சமையலறை ஸ்டாண்டில் நிறுத்தி நிழலில் காயவையுங்கள். பழைய உறையில் மறுபடி போடாதீர்கள், பூஞ்சை அங்கேதான் குடியிருக்கிறது. உள்ளுறை மட்டுமாவது புதிது வேண்டும். அப்புறம் ரெக்கார்டுகளை ஒன்றின்மேல் ஒன்றாக அடுக்காமல் புத்தகம்போல் நிறுத்தி, மழை ஊறும் சுவரை விட்டுத் தள்ளி வையுங்கள்.

கழுவியும் எல்லா ரெக்கார்டும் கரகரத்தால் முள் தேய்ந்திருக்கிறது.

முதல் பாட்டு பளிச், கடைசிப் பாட்டில் 'ஸ்ஸ்' என்று சிராய்க்கிறது

ரெக்கார்டு ஒரே வேகத்தில் சுற்றினாலும் முள்ளுக்கு அடியில் ஓடும் பள்ளம் ஒரே வேகத்தில் ஓடுவதில்லை. 12 அங்குல எல்.பி.யின் (33 வேகப் பெரிய ரெக்கார்டின்) வெளி ஓரத்தில் நொடிக்கு 51 சென்டிமீட்டர், உள்ளே லேபிள் பக்கம் 21. அதே பாட்டை அரை இடத்துக்கும் குறைவான இடத்தில் நெருக்கி எழுதியிருக்கிறார்கள். அதனால் கொஞ்சம் சிராய்ப்பு இயல்பு. அதிகமாக இருந்தால் முள்ளைச் சுத்தம் செய்து, எடையைச் சரிபாருங்கள். கார்ட்ரிட்ஜ் கழற்றும் மிஷினில் அது நேராக உட்கார்ந்திருக்கிறதா என்று கோணம் பார்க்கும் அட்டையை அச்சடித்து வைத்துப் பாருங்கள். அச்சடிக்கும்போது அளவு சுருங்காமல் நூறு சதவீதத்தில் எடுக்க வேண்டும், ஸ்கேல் வைத்து உறுதி செய்யுங்கள்.

ஒரு ஸ்பீக்கர் மட்டும் பாடுகிறது

சிவப்பையும் வெள்ளையையும் ஸ்பீக்கர் பக்கத்தில் மாற்றிச் சொருகுங்கள். ஊமை அதே ஸ்பீக்கரில் இருந்தால் ஸ்பீக்கர் பழுது. ஊமையும் இடம் மாறினால் மிஷின் பக்கம். கார்ட்ரிட்ஜ் தலையைக் கழற்றி அதன் நான்கு பின்களைப் பென்சில் ரப்பரால் தேய்த்து மாட்டுங்கள். கார்ட்ரிட்ஜின் பின்னாலுள்ள நான்கு குட்டி ஒயரில் ஒன்று கழன்றிருக்கலாம்: வெள்ளையும் நீலமும் இடது, சிவப்பும் பச்சையும் வலது. சாமணத்தால் மாட்டுங்கள், பற்றவைக்க வேண்டாம். சூடு உள்ளே போனால் கார்ட்ரிட்ஜ் போய்விடும்.

தாத்தா காலத்துக் கனமான ரெக்கார்டில் வெறும் இரைச்சல்

எச்.எம்.வி., கொலம்பியா, ஓடியன் லேபிள் ஒட்டி, 10 அங்குலத்தில், கையில் எடுத்தால் ஓடு மாதிரி கனத்து இருக்கிறதா? அது வினைல் அல்ல, அரக்குத் தட்டு. நம் ஒழுகினசேரிக்காரர் என்.எஸ். கிருஷ்ணன் சினிமாவில் கொடிகட்டிப் பறந்த காலத்துப் பாட்டுத் தட்டுகள் இந்த ரகம்தான். வேகம் 78. கீழே விழுந்தால் நொறுங்கும்.

இதில் பள்ளம் மூன்று நான்கு மடங்கு அகலம். எல்.பி. முள்ளின் நுனி ஆரம் சுமார் 18 மைக்ரான், இதற்கு வேண்டியது சுமார் 76. சின்ன முள் பள்ளத்தின் அடியில் கிடக்கும் குப்பையில் உருண்டுகொண்டிருக்கும், அதுதான் இரைச்சல். இன்னொரு எச்சரிக்கை: மேலே சொன்ன ஆல்கஹாலை அரக்குத் தட்டின் பக்கமே கொண்டுபோகாதீர்கள். அரக்கு அதில் கரையும், பாட்டும் சேர்ந்து கரையும். சோப்புத் தண்ணீர் மட்டும், அதுவும் நனைத்து உடனே துடைக்க வேண்டும்.

78 வேகம் உள்ள மிஷினாக இருந்தால் முள்ளை மட்டும் மாற்றிப் போடலாம். வி.எம்.95 கார்ட்ரிட்ஜுக்கு எஸ்.பி. என்ற எழுத்தோடு 78க்கான தனி முள் வருகிறது, 2 கிராமுக்குப் பதில் 5 கிராம் எடை கேட்கும். அரக்குத் தட்டுக் கச்சேரி முடிந்ததும் பழைய முள்ளைப் போட்டு, எடையையும் திருப்பிக் குறைக்க வேண்டும். ஒரு தடவை நான் மறந்துபோய் அடுத்த நாள் எல்.பி. மேல் இறக்கிவிட்டேன். இப்போதெல்லாம் 78 முள் மாட்டியிருக்கும்போது தட்டின் நடு அச்சில் ஒரு சிவப்பு நூலைக் கட்டிவைக்கிறேன். அதை அவிழ்க்காமல் எந்த ரெக்கார்டையும் வைக்க முடியாது.